ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: ரீலொகேஷன் சேவையில் நான் இழந்த 1,900 யூரோ

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, அரசு அலுவலக வேலைகளை முடித்துக் கொடுத்து, அந்த நாட்டுப் பழக்கவழக்கங்களையும் கற்றுத் தருவதாகச் சொல்லும் ஒரு ரீலொகேஷன் நிறுவனத்திடம் 1,900 யூரோவை, அதாவது நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேலான தொகையை, கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று அவர்கள் அனுப்பிய பதிலில், சேவையில் குறை எதுவும் இல்லை என்றும், வாடிக்கையாளருக்குக் கலாச்சார அதிர்ச்சி ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கோவையில் ஓர் அறை, ஜெர்மனியில் ஒரு முகவரி, பளபளப்பான இணையதளம் என்ற வகையைச் சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வாகனங்களுக்கான மென்பொருள் எழுதும் பொறியாளர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்து, உயர்தகுதிப் பணியாளர்களுக்குத் தரப்படும் குடியிருப்பு அனுமதியான புளூ கார்டுக்கான விசாவும் வந்துவிட்டது. அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்று ஏற்கெனவே அங்கிருப்பவர்கள் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். வேலை கொடுத்த நிறுவனத்தாலோ விசாவுக்கான கடிதங்களுக்கு மேல் உதவ முடியவில்லை. அப்போதுதான் இந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் காணொளி அழைப்பில் வந்தார்.

அந்த அழைப்பை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அவர் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினார். நான் கேட்பதற்கு முன்பே, அரிசி வேகவைக்க அடுப்பு இருக்கிறதா, பக்கத்தில் இந்தியக் கடை இருக்கிறதா என்று என் மனத்தில் இருந்த கேள்விகளை எல்லாம் அவரே எடுத்துப் பேசினார். என் அம்மா அருகில் வந்து உட்கார்ந்ததும், "கவலைய விடுங்கம்மா, நம்ம ஊர்ப் பொண்ண அங்க தனியா விட்டுருவோமுங்களா? ஸ்டேஷனுக்கே ஆள் வரும்" என்றார். என்னிடம், "அம்மணி, வேலைய மட்டும் நீங்க பாருங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். மூன்று மாதத்துக்குத் தளவாடங்களுடன் கூடிய வீடு, அந்த முகவரியில் குடியிருப்புப் பதிவு, அலுவலகங்களுக்குத் துணையாக ஓர் ஆள், இரண்டு நாள் நேரடிக் கலாச்சாரப் பயிற்சி, பிறகு நிரந்தர வீடு தேடித் தருதல் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1,900 யூரோ, வாடகை தனி. அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோதே நான் பணத்தை அனுப்பத் தீர்மானித்துவிட்டேன். அன்றிரவே அனுப்பினேன்.

ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. வீடு என்று சொல்லப்பட்டது, சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் விடப்படும் குடியிருப்பில் ஓர் அறை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அறையின் உரிமையாளர், அந்த முகவரியில் யாரும் பதிவு செய்துகொள்ள அனுமதியில்லை என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இதன் விளைவு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம். பதிவு செய்தால்தான் வரி அடையாள எண் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்க நேரலாம். குடியிருப்பு அனுமதி அட்டைக்கான வேலையும் நகராது.

ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். ஜெர்மனியில் பதிவுக்கு மூன்று மாதம் கூட ஆகும், இங்கே அப்படித்தான், அவசரப்படுத்தினால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள் என்றார். அலுவலகத்துக்குத் துணைக்கு வரவேண்டிய ஆள் ஏன் வரவில்லை என்றதற்கு, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இந்த நாட்டில் யாரிடமும் வேலை வாங்க முடியாது என்றார். ரசீது கேட்டபோது, இங்கே எல்லாம் நம்பிக்கையின் பேரில் நடக்கிறது, ரசீது கேட்பது சந்தேகப்படுவதைப் போல ஆகிவிடும் என்று பதில் வந்தது. அடுத்து, ஆகஸ்டில் எல்லோரும் விடுமுறையில் இருப்பார்கள் என்றார். என்னை மிகவும் கொதிக்க வைப்பது இதுதான். எந்த வேலையைச் செய்யத் தவறினாலும் அதை அந்த நாட்டின் பண்பாடு என்று சொல்லிவிடலாம். புதிதாக வந்தவளுக்கு எது உண்மையான வழக்கம், எது சாக்கு என்று தெரியாது. வெள்ளிக்கிழமை அலுவலகங்கள் சீக்கிரம் மூடுவதும் ஆகஸ்ட் விடுமுறையும் உண்மைதான். அந்தக் கொஞ்சம் உண்மையின் மேல் மீதிப் பொய்யை ஏற்றினார்கள். புதிய நாட்டில் தப்பாக நடந்துகொள்வோமோ என்ற என் பயத்துக்குத்தான் அவர்கள் 1,900 யூரோ விலை வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் நேரடிப் பயிற்சி, கடைசியில் ஒரு பழைய காணொளிப் பதிவாக வந்து சேர்ந்தது. கைகுலுக்குங்கள், நேரத்துக்கு வாருங்கள், சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும், முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னால் அபசகுனமாக நினைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையில் கண்ணாடிப் பாட்டில்களைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பக் கூடாது என்பதையெல்லாம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். 'கேர்வோகே' என்று ஒன்று இந்தப் பகுதியில் உண்டு. முறை வைத்து மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும், முறை வந்தவர் கதவில் அட்டை தொங்கும். அதைக்கூட அவர்தான் சொன்னார்.

ரசீது விஷயத்தை அவரிடம் சொன்னபோது அவருக்கு அது முதலில் புரியவே இல்லை. எழுத்தில் இல்லாத எதையும் மதிக்காத ஊரில் ரசீது கேட்பது அவமரியாதை என்று யார் சொன்னது என்று கேட்டார். பிறகு அவருடைய உறவினர் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை கிடைத்தது, உரிமையாளர் சான்றும் அன்றே கையெழுத்தாகிவிட்டது.

இதற்கிடையில் நிறுவனத்தார் நிரந்தர வீடு ஒன்று தயாராக இருப்பதாகவும், தரகாக இரண்டு மாத வாடகை தர வேண்டும் என்றும், அதுவும் இந்த ஊர் வழக்கம் என்றும் எழுதினார்கள். 2015 ஜூன் முதல், வாடகை வீட்டுத் தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே தரகு தர வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது. நான் அமர்த்தாத தரகருக்கு நான் ஏன் தர வேண்டும் என்று கேட்டு எழுதிய நாளோடு 'அம்மணி' போய், 'மதிப்புக்குரிய வாடிக்கையாளர்' வந்தது. 1,900 யூரோவைத் திருப்பிக் கேட்டால், ஜெர்மனி முகவரியினர் ஒப்பந்தம் இந்தியாவில் போடப்பட்டது என்கிறார்கள். கோவை அறையில் இருப்பவர்கள் சேவை ஜெர்மனியில் வழங்கப்பட்டது, அங்கே கேளுங்கள் என்கிறார்கள். தொலைபேசியை எடுக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் என் வழக்கை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பாவம், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரம் இல்லை. முகவரியில் பதிவு செய்யலாம் என்று வீட்டு உரிமையாளரே எழுதித் தராத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். வீட்டுக்குத் தரும் வைப்புத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது (தண்ணீர், சூடேற்றம் போன்ற துணைச் செலவுகளைச் சேர்க்காத வாடகை), அதையும் மூன்று தவணையாகத் தரலாம். எந்த நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். யாராவது இது இந்த ஊர் வழக்கம் என்று சொன்னால், அவரிடம் பணம் வாங்காத உள்ளூர்க்காரர் ஒருவரிடம் விசாரியுங்கள். இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகார் பதிந்திருக்கிறேன். இங்கே ஜெர்மனியில், கெடு தேதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 1,900 யூரோவில் ஒரு சென்ட் கூட இன்னும் வரவில்லை. கெடு முடிந்ததும் என்ன ஆயிற்று என்பதை இதன் கீழேயே எழுதுகிறேன்; இதே ஆட்களிடம் பணம் கட்டக் காத்திருப்பவர்கள் அதுவரையாவது பொறுத்திருங்கள்.