கருவின் வளர்ச்சியைப் பொறுமையாக அளக்கும் ஒரு ஸ்கேன் மையம்

திருவொற்றியூரில் வசிக்கும் என் தங்கைக்கு 32 வாரம் ஆனபோது, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் இன்ச் டேப்பால் வயிற்றை அளந்தார். ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கர்ப்பப்பை உயரம் 28 தான் இருக்கிறது என்றும், தாமதிக்காமல் வளர்ச்சி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மையத்தில் ஐந்து நிமிடத்தில் ஸ்கேன் முடிந்தது. அறிக்கையில் 1,520 கிராம் என்ற எடையும் ‘நார்மல்’ என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. மனம் ஆறாததால், மறுநாள் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ள வேறொரு மையத்துக்குச் சென்றோம். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது மையத்தைப் பற்றியது.

அங்கே முதலில் கேட்டது பழைய அறிக்கைகளைத்தான். 12 வாரத்தில் குழந்தையின் நீளத்தை அளந்து கணித்த பிரசவத் தேதி சரியாக இருந்தால்தான், இப்போது தெரியும் எடை குறைவா இல்லையா என்று சொல்ல முடியும் என்று மருத்துவர் விளக்கினார். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை நிதானமாக எடுத்தவர், வயிற்றை மட்டும் மூன்று முறை அளந்தார். போதிய ஊட்டம் கிடைக்காத கரு மூளைக்குப் போகும் ரத்தத்தைக் காத்துக்கொள்வதால் தலை ஓரளவு வளர்ந்துவிடும் என்றும், கல்லீரலில் சேமிப்பு குறைவதால் வயிறுதான் முதலில் சிறுக்கும் என்றும் அவர் சொன்னபோது, முதல் அறிக்கையில் என்ன விடுபட்டிருந்தது என்பது எனக்குப் புரிந்தது. எடை இங்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது. ஆனால் அதே வாரத்தில் உள்ள நூறு குழந்தைகளை எடை குறைந்ததில் தொடங்கி வரிசையாக நிறுத்தினால் இந்தக் குழந்தை ஐந்தாவது இடத்தில் நிற்கும் என்றும், 28 வாரத்தில் இருபத்தைந்தாவது இடத்தில் இருந்து இறங்கியிருக்கிறது என்றும் வரைபடத்தில் காட்டினார். பத்துக்குக் கீழே இருந்தாலே கவனம் தேவை என்பது பொதுவான அளவுகோல்.

பிறகு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தார். இரு இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் தொப்புள்கொடி வழியே ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது; அது நல்ல அறிகுறி. பனிக்குட நீரும் போதுமானதாக இருந்தது. ஸ்கேன் காட்டும் எடை பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை தவறக்கூடும் என்பதையும், ஒரு வாரத்துக்குள் திரும்ப எடுத்தால் வளர்ச்சிக்கும் பிழைக்கும் வேறுபாடு தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லி, இரண்டு வாரம் கழித்து எடை பார்க்க வரச் சொன்னார். ரத்த ஓட்டத்தை மட்டும் வாரம்தோறும் பார்க்கலாம் என்றார். அந்தக் கண்காணிப்பின்படி 37 வாரம் முடிந்ததும் பிரசவம் நடந்தது. பிள்ளை 2.3 கிலோ, நன்றாகப் பால் குடிக்கிறான்.

குறைகளும் உண்டு. மையம் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் செங்குத்தான படிகளில் ஏற வேண்டியிருப்பதை நிர்வாகம் உடனே கவனிக்க வேண்டும். நேரம் குறித்துச் சென்றும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் செலவிடுவதே அதற்குக் காரணம் என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. செல்பவர்கள் 12 வார அறிக்கையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; அது இல்லாமல் வந்த ஒரு பெண்ணின் கணவரை வீட்டுக்கு அனுப்பி எடுத்துவரச் செய்த பிறகே ஸ்கேனைத் தொடங்கினார்கள்.