காற்றாடியோடு ஒருவர், கால்களை மட்டும் நம்பி ஒருவர்

அண்டார்க்டிகாவைத் தனியாகக் கடந்தவர் என்றால் இரண்டு பெயர்கள் வரும்: நார்வேயின் போர்கே ஊஸ்லாண்ட், அமெரிக்கர் காலின் ஓ'பிரேடி. வழியில் யாரும் உணவு கொண்டுவந்து தரவில்லை என்பது இருவருக்கும் பொது. உதவியின்றித் தனியாகக் கடந்த பெருமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஊஸ்லாண்ட் முன்பு வடகடலில் ஆழ்கடல் மூழ்காளர். 1994இலேயே தனியாக வடதுருவம் போனவர். 1996-97இல் அண்டார்க்டிகாவின் ஒரு ஓரத்திலுள்ள பெர்க்னர் தீவிலிருந்து மறு ஓரத்திலுள்ள ராஸ் கடல் வரை, பனித்தட்டுகளையும் (கரையை ஒட்டிக் கடல்மேல் மிதக்கும் பெரும் பனிப்பரப்புகள்) சேர்த்து, சுமார் 2,845 கிலோமீட்டரை 64 நாளில் கடந்தார். காற்று வாகாக அடித்தபோது பட்டம் போன்ற காற்றாடி அவரை இழுத்துக்கொண்டு போனது.

ஓ'பிரேடி 2018இல் காற்றாடியைத் தொடவே இல்லை. 54 நாள், முழுக்க உடல் பலம். ஆனால் தூரம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர்தான். இரு பக்கமும் உள்ள பெரிய பனித்தட்டுகள் கணக்கில் இல்லை. தென்துருவத்துக்கு அப்புறம் வண்டிகள் போய்ப் போய்ச் சமனான, கொடி நட்ட பாதை வேறு. இரண்டே நாள் பிந்தி பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லூயிஸ் ரட்டும் அதே தூரத்தை முடித்தார் (அவரை யார் நினைக்கிறார்கள்?).

காற்றாடி உதவிதான், சரி. கொடி நட்ட பாதை மட்டும் உதவி இல்லையா? என் ஓட்டு ஊஸ்லாண்டுக்கு.