எச்சரிக்கை: ‘முதலாம் ஆண்டை யாழ்ப்பாணத்திலேயே முடிக்கலாம்’ என்ற இசைப் படிப்பில் 385,000 ரூபா போய்விட்டது

இசை படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். எங்களிடம் 385,000 ரூபாவை வாங்கிவிட்டு, ‘ஒழுங்குவிதிப்படி திருப்பித் தர ஏலாது’ என்று இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்த கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்து முடியும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். யாழ்ப்பாண நகரத்துக்குள், ஒரு கடைக்கு மேலே மாடியில் நடக்கும் தனியார் இசை நிலையம் அது. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கொன்சர்வேட்டரியின், அதாவது இசைக்கென்றே உள்ள உயர்கல்லூரி ஒன்றின், ‘இணைப்பு மையம்’ என்று பலகை போட்டிருக்கிறார்கள். அங்கே காசு கட்டியவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே விளங்கும்.

என் மகள் வயலின் வாசிப்பவள். சின்ன வயதிலிருந்து படிக்கிறாள், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையில் ஐந்தாம் தரம் முடித்துவிட்டாள். உயர்தரத்தில் சங்கீதமும் ஒரு பாடம். மருதனார்மடத்தில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்குத்தான் போக ஆசைப்பட்டாள். செயன்முறைத் தேர்வுக்கும் போனாள், இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை உயர்தரம் எழுத ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. ‘நான்கு வருட ஐரோப்பிய இசைப் பட்டம். முதலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில், மிச்சம் அங்கே. நுழைவுத் தேர்வு இல்லை.’

போய்ப் பார்த்தோம். நாங்கள் நம்பிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இனிப் போகிறவர்களையும் அதே விதத்தில்தான் நம்ப வைப்பார்கள்.

இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதராக இருந்திருந்தால் நான் அப்போதே எழும்பி வந்திருப்பேன். பணிப்பாளர் என்று அறிமுகமானவர் அப்படிப் பேசவில்லை, கண்டிப்பாகப் பேசினார். மேசை லாச்சியைத் திறந்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். அந்தக் கல்லூரியின் கல்வி ஒழுங்குவிதிகளாம். பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்கினார். வருடத்துக்கு 60 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. பிரதான வாத்தியத்துக்குத் தனி ஆசிரியர். வருட முடிவில் நடுவர் குழுவுக்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும், தவறினால் ஒரேயொரு தடவைதான் திரும்பச் செய்யலாம். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு இருக்க முடியாது. சுகயீன லீவுக்கும் கடிதம் வேண்டும். ‘அக்கா, இது ரியூசன் கொட்டில் இல்லை. இஞ்ச ஒழுங்கு எண்டா ஒழுங்குதான். பிள்ளைக்குக் கஷ்டம் எண்டு நினைச்சா இப்பவே சொல்லுங்கோ, வேற பிள்ளைக்கு இடத்தைக் குடுக்கலாம்’ என்றார்.

அந்தச் சொல்லில்தான் நாங்கள் விழுந்தோம். இவ்வளவு கட்டுப்பாடு உள்ள இடம் பொய்யாக இருக்காது என்று தோன்றியது. மகள் என் கையைப் பிடித்து ‘நான் செய்வன் அம்மா’ என்றாள். பணிப்பாளர் அவளுடைய ஐந்தாம் தரச் சான்றிதழைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இதை வைச்சு இன்னும் கொஞ்சக் கிரெடிட்டும் எடுத்துத் தரலாம்’ என்றார். சுவரில் சட்டம் போட்டு ஒரு அரசாங்கச் சான்றிதழ். முத்திரை, கையொப்பம், எல்லாம் இருந்தன. அது வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு என்பது பிறகுதான் தெரிந்தது. சைக்கிள் கடைக்கும் அதே சான்றிதழ்தான். அந்தப் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்பதைத் தவிர அது வேறொன்றையும் சொல்லாது. பட்டம் கொடுக்கவோ பட்டத்தின் முதலாம் ஆண்டை நடத்தவோ அதனால் எந்த உரிமையும் வராது.

பதிவுக்கு 35,000. முதல் தவணை 200,000. அப்புறம் ‘கிரெடிட் பதிவுக் கட்டணம்’ என்று ஒரு 150,000, அது நேரே ஐரோப்பாவுக்குப் போகிற காசு என்றார்கள். மொத்தம் 385,000. என் காப்பும் சங்கிலியும் வங்கியில் அடகில் இருக்கின்றன, வட்டி ஓடுகிறது. 150,000 ரூபாவை ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி அனுப்பினான். அவன் அங்கே இரவு வேலை செய்கிறவன். பற்றுச்சீட்டில் நிலையத்தின் பெயர் இருந்தது, ஆனால் காசு போட்ட கணக்கு ஒரு தனியாளின் பெயரில். கேட்டதற்கு, ‘கம்பனிக் கணக்கு மாத்துப்படுகுது, அதுவரைக்கும் இதுதான்’ என்றார்கள்.

வகுப்பு சனி, ஞாயிறு. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்று சொல்லி, பாதி நாட்களில் இரண்டு மணி நேரத்திலேயே விட்டுவிடுவார்கள். சொல்லிக்கொடுக்க வந்த இளம் பிள்ளை நல்லவள், தனக்கும் சம்பளம் நிலுவை என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள், அவளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவள் சொல்லிக்கொடுத்தது மகள் மூன்றாம், நாலாம் தரத்தில் படித்த வர்ணங்களைத்தான். தனி ஆசிரியரும் வரவில்லை, நடுவர் குழுவும் வரவில்லை. பதினொரு பிள்ளைகள் ஒரே அறையில் பாயில் இருந்து வாசித்தார்கள்.

சந்தேகம் முதலில் வந்தது என் தம்பிக்கு. அவனுடைய வீட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு இசைக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிறாளாம். அவளிடம் விசாரித்துவிட்டு போன் எடுத்தான். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அங்கே நுழைவுத் தேர்வு இல்லாமல் யாரையும் எடுப்பதே இல்லை. நேரில் வாசித்துக் காட்ட வேண்டும், இசைக் கோட்பாடும் காது கேட்டுச் சொல்லும் சோதனையும் எழுத வேண்டும். மேற்கத்திய வயலினுக்கு என்றால் பாக் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் உருப்படி கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் நிலத்தில் இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்து வாசிக்கிறார்கள். அங்கே ஜி-டி-ஏ-ஈ என்று சேர்த்து, நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். வாத்தியம் ஒன்று, படிப்பு வேறு. கர்நாடக வர்ணம் வாசித்தால் அந்த வயலின் பிரிவில் இரண்டாம் ஆண்டில் இருத்துவார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. இசை தெரிந்த அந்தப் பணிப்பாளர் தன் வாயால் அதைச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் சொன்னார் என்று நான் நம்பவில்லை.

பிறகு நான் அந்த 60 கிரெடிட்டை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர வேலை. குறைந்த கணக்குக்கே 60 கிரெடிட் 1,500 மணி நேரம். எங்கள் நாட்டுப் படிப்புகளின் தரத்தையும் அளவையும் வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்திலும் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி, வருடத்துக்கு 30 கிரெடிட், அதுவும் 1,500 மணிதான். ஊருக்கு ஊர் எண்ணை மாற்றி எழுதினாலும் ஒரு வருடப் படிப்பின் அளவு ஒன்றுதான். இவர்கள் நடத்துவதோ கிழமைக்கு ஆறு மணி. வருடத்தில் ஒரு கிழமைகூட விடாமல் நடத்தினாலும் 312 மணி. வீட்டுச் சாதகமும், அதாவது வீட்டில் வாசித்துப் பழகுவதும், அந்த 1,500 இல் சேரும் என்பது உண்மை. சரி, நாளுக்கு இரண்டு மணி நேரம் சாதகம் என்று 730 மணியைக் கூட்டுங்கள். 1,042 தான் வருகிறது. வரலாறு, கோட்பாடு, குழுவாக வாசித்தல் என்று அந்தப் புத்தகத்தில் வரிசையாக இருந்த பாடங்கள் ஒன்றுமே இங்கே தொடங்கவில்லை. அதற்கு மேல், மணி சேர்ந்தால் மட்டும் கிரெடிட் வராது, அந்தக் கல்லூரி சோதித்துச் சித்தி போட்டால்தான் வரும்.

மகள் தானாகவே அந்தக் கொன்சர்வேட்டரியின் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். பதில் சுருக்கமாக வந்தது. இலங்கையில் அவர்களுக்கு எந்த இணைப்பு மையமும் இல்லை. அனுமதி நுழைவுத் தேர்வு வழியாக மட்டும். முன்பு படித்ததைக் கணக்கில் எடுப்பதா என்பதை, அனுமதி கிடைத்த பிறகு மாணவர் தனியாக விண்ணப்பித்தால் அவர்களுடைய பரீட்சைக் குழு தீர்மானிக்கும். மகளின் பெயரில் அங்கே எந்தப் பதிவும் இல்லை. அப்படியானால் ‘கிரெடிட் பதிவுக் கட்டணம்’ 150,000 யாரிடம் போனது?

மின்னஞ்சலை அச்சடித்துக்கொண்டு போனேன். முன் மேசைப் பிள்ளை, ‘சேர் கொழும்பில’ என்றாள். அடுத்த கிழமை போனால் வகுப்பில் இருக்கிறார், பார்க்க ஏலாது. போன் எடுத்தால் ‘மீற்றிங்கில நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்’. எடுக்கவே மாட்டார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. கடைசியில் ஒருநாள் மாடிப்படியிலேயே மறித்துக் கேட்டபோது, ‘நீங்கள் மெயில் போட்டது எங்கட உறவைக் கெடுக்கிற வேலை. அவையள் வேற டிப்பார்ட்மென்ட். உங்களுக்கு ஒண்டும் விளங்காது’ என்றார். என் மகளுக்கு முன்னால் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்தேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் முதலில் சொன்ன அந்த ஒரு வரி. அதோடு ஒரு படம். அதே சுருள் கம்பிப் புத்தகத்தில் இதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு பக்கம். ‘எக்காரணம் கொண்டும் கட்டணம் மீளளிக்கப்படமாட்டாது’ என்று தமிழில் தட்டெழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மகளின் வரவு 80 வீதத்துக்குக் குறைவு என்றும் ஒரு குறிப்பு. வகுப்பை நிறுத்தியது அவர்கள். மின்சாரம் இல்லை, திருவிழா, ஆசிரியர் வரவில்லை என்று செய்தி போட்டதும் அவர்கள். அந்தச் செய்திகள் எல்லாம் என் போனில் இருக்கின்றன.

இதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த ஒழுங்குகள் எங்கோ ஒரு கல்லூரியில் உண்மையாகவே இருக்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளையைக் காப்பதற்காக எழுதப்பட்டவை அவை. நடுவர் குழு, தனி ஆசிரியர், திரும்ப வாசிக்க ஒரு வாய்ப்பு, எல்லாம் மாணவருக்கு உரிய உரிமைகள். இங்கே உரிமை ஒன்றும் தரவில்லை, தண்டனையை மட்டும் எடுத்து எங்கள் பிள்ளையின் தலையில் போட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்றாலும், இரண்டாவது தடவைக்கு விண்ணப்பிக்கும் காலம் இதற்குள் போய்விட்டது. ஒரு வருடம். 385,000 ரூபாவை எப்படியாவது உழைத்துக் கட்டலாம், அந்த வருடத்தை யார் தருவது? மகள் இப்போது வயலின் பெட்டியைத் திறப்பதே இல்லை.

விவரமாக அறிவுரை எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன். காசு கட்டுவதற்கு முன்னால் வெளிநாட்டுக் கல்லூரிக்கு நீங்களே நேரே மின்னஞ்சல் எழுதுங்கள். நிலையம் தரும் முகவரிக்கு எழுத வேண்டாம், கல்லூரியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை ஏற்பதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் பார்க்கும். அந்தக் கல்லூரியின் பெயர் அங்கே இருப்பதால் இங்கே மாடியில் இருப்பது அதன் கிளை என்று ஆகிவிடாது, கவனம். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தனியாள் கணக்குக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. ஒழுங்குவிதிப் புத்தகத்தைக் காட்டினால், முழுவதையும் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராமல் கையெழுத்து வைக்காதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

நாங்கள் திங்கட்கிழமை பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். அதே இடத்தில் காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் ஒன்றையும் அழிக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து போனால்தான் பெறுமதி. அடுத்த அணிக்கு இந்த மாதமே பிள்ளைகளைச் சேர்ப்பதாக நேற்றுப் பின்னேரம் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் ‘நுழைவுத் தேர்வு இல்லை’ என்றுதான் போட்டிருக்கிறது.