கேப்டவுனில் இன உறவுகள் குறித்த ஒரு பருவப் படிப்பு: மதிப்பீடு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடத்தும் இந்தப் படிப்பில், பாளையங்கோட்டையில் முதுகலை முடித்த கையோடு சேர்ந்தேன். அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் வகுப்புகளே இதன் பலம். 1896இல் இனப்பிரிவினையை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் பள்ளிகளில் அதை நிராகரித்ததையும், மக்களை இனவாரியாகப் பதிவு செய்த தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒருசேர வைத்து, சட்டம் மாறிய பின்னும் குடியிருப்புகள் ஏன் பிரிந்தே கிடக்கின்றன என்று ஆசிரியர்கள் கேட்கும் விதம் அருமை.

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற கேப்டவுன் நகரப் பகுதியின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றதுதான் படிப்பின் உச்சம். 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, 60,000 பேர்வரை வெளியேற்றப்பட்ட அப்பகுதியின் தெருப்படம் தரையில் விரிந்திருக்க, பழைய குடியிருப்பாளர்கள் தத்தம் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமூகப் பணிதான் சோடை போயிற்று. கறுப்பினத்தவர் குடியிருப்பு ஒன்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரச் சொன்னார்கள். அங்குள்ள ஆசிரியர்களுக்கு என்ன உதவி தேவை என்று எவரும் விசாரிக்கவில்லை. பிள்ளைகள் முகம் பழகுவதற்குள் நாங்கள் மூட்டை கட்டிவிட்டோம்.

பாடத்திட்டத்தில் சாதி அறவே இல்லை என்பது இன்னொரு குறை. நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் 2023இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளுக்குத் தடை பரிந்துரைத்ததை வகுப்பில் சொன்னபோது, பேராசிரியர் ஆர்வமாகக் கேட்டு அதையே கட்டுரையாக எழுத அனுமதித்தார். நெல்லைப் பக்கமிருந்து செல்வோர் கட்டுரைத் தலைப்பை முதல் வாரத்திலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. பின்னர் மாற்ற இடம் தருவதில்லை.