பாத்ரூம் சீலிங்ல பெயிண்ட் உரியுதா? அடிச்சு சில வருஷம் ஆன பிறகு எப்படி இருக்குன்னு சொல்றேன்

கோயம்புத்தூர்ல அபார்ட்மெண்ட், நடு மாடி. ரெண்டு பாத்ரூம்லயும் சீலிங் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிஞ்சு குளிக்கிறப்ப தலையில விழும். பெயிண்டர் மேல பார்த்த உடனே "டேம்ப் புரூஃப் (ஈரத்தை தடுக்குற கோட்டிங்) அடிச்சுட்டா போதும் சார்"னுட்டார். ஈரம் எங்கருந்து வருதுன்னு தெரியாம எதை அடிச்சாலும் அடுத்த மழைக்குள்ள உரியத்தான் செய்யும்.

அதுக்கு ஒரு ஈசி டெஸ்ட் இருக்கு. உரிஞ்ச இடத்தை சுரண்டிட்டு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடணும். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல முத்து முத்தா தண்ணி நின்னா மேலருந்து கசிவு, வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தா கீசர் தண்ணி ஆவிதான். எங்களுக்கு காமன் பாத்ரூம்ல கசிவு, பெட்ரூம் பாத்ரூம்ல ஆவி. ஒரே வீடு, ஒரே மாதிரி உரியுது, காரணம் மட்டும் வேற!

கசிவுக்கு மேல் வீட்டு அக்காகிட்ட பேசி, அவங்க நஹானி ட்ராப்பை (தரையில தண்ணி போற ஓட்டை) அடைச்சு பாத்ரூம் தரையில தண்ணி கட்டி விட்டோம், எங்க சீலிங்ல ஈர வட்டம் பெருசாச்சு. பிளம்பர் ட்ராப்பை சுத்தி உடைச்சு மறுபடி வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, டைல்ஸ் இடுக்குல எபாக்ஸி கிரௌட் போட்டார். செலவு பாதிப் பாதி. அப்புறம் ஸ்லாப் காயவே வாரக்கணக்காச்சு, அவசரப்பட்டு அடிக்காதீங்க.

ஆவி பாத்ரூமுக்கு 6 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்ளோதான். குளிச்சு முடிச்சு ஒரு இருபது நிமிஷம் ஓடணும், கதவுக்கு அடியில கொஞ்சம் கேப் வேணும், உள்ள காத்து வரலைன்னா ஃபேன் எதை வெளிய தள்ளும்?

சுரண்டுற வேலையில கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு மேல இருக்கக்கூடாதுன்னு ரூல் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதனால பழைய பெயிண்ட்டை காய்ஞ்சபடி எமரி பேப்பர் போட்டு தேய்க்காம தண்ணி தெளிச்சு நனைச்சு சுரண்டுங்க. பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டேன், அந்த நேரத்துல ஆசிட் பாட்டில் பக்கத்துலயே வேணாம், ரெண்டும் கலந்தா குளோரின் கேஸ்.

பட்டிதான் (பெயிண்ட்டுக்கு முன்னாடி வழவழப்பாக்க பூசுற putty) பெரிய சண்டை. வழவழப்பு வரணும்னு பெயிண்டருங்க அக்ரிலிக் பட்டியை கெட்டியா இழுப்பாங்க, அது ஈரம் குடிச்சா மாவாயிடும். வெள்ளை சிமென்ட் பட்டிதான், அதுவும் மொத்தமா 1.5 மிமீக்கு மேல போகாம. அதுக்கு மேல பிரைமர், எக்ஸ்டீரியர் எமல்ஷன் ரெண்டு கோட். டிஸ்டம்பர் பாத்ரூம் பக்கமே வரக்கூடாது.

இப்ப நிலைமை? காமன் பாத்ரூம் சீலிங் மழைக்காலம் எல்லாம் தாண்டியும் அப்படியே இருக்கு. பெட்ரூம் பாத்ரூம்ல வென்டிலேட்டர் மூலையில லேசா கருப்பு புள்ளி வருது, துடைச்சா போயிடுது, உரியல. பிவிசி ஃபால்ஸ் சீலிங் போட சொல்றவங்களுக்கு ஒண்ணு: கசிவு இருந்தா அது உள்ளுக்குள்ள மறைஞ்சு கம்பி துருப்பிடிச்சு காங்கிரீட்டே பேந்து வரும், அப்ப பெயிண்டர் இல்ல, இன்ஜினியர்தான் வரணும்.