முடிவில்லா ஜூம் ஓவியம்: ஒரே கேன்வாஸா, படத்துக்குள் படமா?

பொறிவண்டின் முதுகில் ஒரு கரும்புள்ளி. நெருங்கிப் போனால் அது கிணற்றின் வாய். கிணற்றுத் தண்ணீரில் நிலா, நிலாவின் பள்ளத்தில் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் ஒரு விளக்கு. இப்படி உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும் ஓவிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வரையலாமே என்று உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ஆப் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜூம் செய்யும் வேலையை வரையும் மென்பொருளிடமே விடப்போகிறீர்களா, இல்லை தனித்தனிப் படங்களாக வரைந்து வீடியோ மென்பொருளில் நீங்களே கோக்கப்போகிறீர்களா? இந்த இரண்டு வழிக்கும் வேலை முறை வேறு, தலைவலி வேறு, கிடைக்கும் படத்தின் தோற்றமும் வேறு.

முதல் வழி, எல்லையில்லா கேன்வாஸ். ஐபேடில் எண்ட்லெஸ் பேப்பர், ஐபேட், ஆண்ட்ராய்ட், விண்டோஸ் மூன்றிலும் கிடைக்கும் கான்செப்ட்ஸ் போன்றவை இந்த ரகம். இவை கோடுகளை வெக்டராக, அதாவது கணக்காகச் சேமிப்பவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு புதிதாக வரையப்படுவதால் பிசிறு தட்டாது. புள்ளிக்குள் ஜூம் செய்து கிணற்றை வரையலாம், அலுத்துவிட்டால் வண்டின் காலுக்குப் போய் அங்கே வேறொரு உலகத்தைத் தொடங்கலாம். படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒட்டு என்ற ஒன்றே கிடையாது. வரைகிறவருக்கு இதைவிட மகிழ்ச்சியான வழி இல்லை என்றே சொல்வேன். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே திட்டம் போடத் தேவையில்லை, பேனா போகிற போக்கில் போகலாம்.

ஆனால் 'எல்லையில்லா' என்று பெயர் இருந்தாலும் கணினிக்குள் எல்லை உண்டு. கோட்டின் ஒவ்வொரு புள்ளியின் இடமும் எண்களாகத்தான் இருக்கும். பிட் என்பது கணினி எண்ணின் 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம். 32 பிட் தசம எண்ணில் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட், அதாவது ஏறக்குறைய 7 இலக்கம். 64 பிட்டில் 53 பிட், 15 அல்லது 16 இலக்கம். படத்தை ஒருமுறை இருமடங்காகப் பெரிதாக்கினால் ஒரு பிட் செலவு. மென்பொருள் வெறும் 32 பிட் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இருபத்துச் சொச்சம் இரட்டிப்புக்குள் கதை முடிந்துவிடும். வட்டம் மூலை மூலையாகத் தெரியும், கோடு பேனாவுக்குக் கீழே நிற்காமல் துள்ளும். இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் ஒவ்வொரு ஆழத்துக்கும் எண்களை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிச் சமாளிக்க முடியும். உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு சின்ன வட்டம் போடுங்கள். அது திரை நிறையும்வரை ஜூம் செய்யுங்கள். அதற்குள் இன்னொரு சின்ன வட்டம். முப்பது தடவை போன பிறகும் வட்டம் வட்டமாகவே இருந்தால் நம்பி இறங்கலாம்.

அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரும் வெக்டர்தானே, அதில் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். அதன் உச்ச ஜூம் 64,000 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் இயல்பான அளவிலிருந்து 640 மடங்குதான். ஒன்பது இரட்டிப்பு முடிந்ததும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அவ்வளவே. இரண்டு விநாடிக்கு ஒரு இரட்டிப்பு என்று ஓட்டினால் இருபது விநாடி வீடியோகூட முழுசாகத் தேறாது. லோகோ வரையட்டும், இதற்கு வேண்டாம்.

எல்லையில்லா கேன்வாஸில் நீங்கள் உண்மையில் விட்டுக்கொடுப்பது பிரஷ்ஷின் தோலை. நீர்வண்ணம் ஊறிப் பரவுவது, காய்ந்த பிரஷ்ஷின் சொரசொரப்பு, ஒரு நிறத்தை இன்னொன்றில் விரலால் தேய்த்துக் கலப்பது எல்லாம் படத்தைப் புள்ளிப் புள்ளியாகச் சேமிக்கும் பிக்சல் உலகத்தின் வித்தைகள். வெக்டரில் கோடும் தட்டையான நிறமும் அழகாக வரும். பேனா மை ஓவியம்போல, காமிக்ஸ்போல வரைகிறவர்களுக்கு இது குறையே இல்லை. வண்ணம் தீட்டுகிறவர்களுக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

சரி, இரண்டாவது வழி. படத்துக்குள் படம். புரோகிரியேட், போட்டோஷாப், கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ, எதில் வேண்டுமானாலும் வரையலாம். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் அடுத்த படம் சின்னதாக உட்கார்ந்திருக்கும். இது பழைய முறை. 2004-இல் நிக்கோலாஸ் பவும்கார்ட்டன் பல ஓவியர்களைச் சேர்த்து இணையத்தில் வெளியிட்ட ஜூம்குவில்ட் இப்படி அடுக்கியதுதான். ஆளுக்கொரு படம் என்று பிரித்துக்கொடுக்க இந்த முறையில் முடியும் என்பதை அப்போதே காட்டிவிட்டார்கள். ஒரே கேன்வாஸில் அது கஷ்டம்.

இங்கே முதல் விதி, உள்ளிருந்து வெளியே வரையுங்கள். நிலாவை முதலில் முழு அளவில் வரைந்து முடியுங்கள். அதன் நகலைச் சுருக்கிப் புதுக் கேன்வாஸின் நடுவில் வையுங்கள், அதைச் சுற்றிக் கிணற்றை வரையுங்கள். பிக்சல் படத்தைச் சுருக்கினால் கூர்மை கெடாது, பெருக்கினால்தான் குழையும். வீடியோ ஓடும்போது வரிசையைத் திருப்பிவிட்டால் உள்ளே போவதுபோல் தெரியும். பார்ப்பவருக்கு எந்தப் பக்கமிருந்து வரைந்தீர்கள் என்று தெரியவே தெரியாது.

அடுத்து ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம் என்பது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. வேலையின் அளவு, கோப்பின் எடை, ஒட்டின் அழகு மூன்றும் இதில்தான் தொங்குகின்றன. வீடியோ 1080க்கு 1920, நிமிர்ந்த சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒருபோதும் குழையக் கூடாது என்றால் கேன்வாஸ், வீடியோ அளவைப் போல் அத்தனை மடங்கு இருக்க வேண்டும். இரண்டு மடங்குக்கு 2160க்கு 3840. நான்கு மடங்குக்கு 4320க்கு 7680. முன்னதில் ஒரு முழு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளில் ஒன்று), சுருக்காத நிலையில், சுமார் 33 எம்பி. பின்னதில் சுமார் 133 எம்பி. புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக லேயர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் என்பதால் இந்த வித்தியாசம் அங்கே சுருக்கென்று தைக்கும்.

அப்படியானால் இரண்டு மடங்கே போதுமா? வேலையைக் கணக்குப் போடுங்கள். இரண்டு மடங்கில் நடுப்படம் கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்ளும், மீதி முக்கால்வாசி புதிதாக வரைய வேண்டும். 16 இரட்டிப்பு ஓடும் வீடியோவுக்கு 16 படம், மொத்தம் 12 முழுப் படத்தின் பரப்பு. நான்கு மடங்கில் 8 படம் போதும், பரப்பு ஏழரைதான். அது மட்டுமில்லை. கிணற்றின் வாயை வைத்தே பாருங்கள். ஒட்டு தெரியாமல் இருக்க நல்ல வழி, அதை ஒரு பொருளின் விளிம்பில் வைப்பது. கிணற்றுச் சுவர் வெளிப்படத்தில், தண்ணீர் உள்படத்தில், நடுவே உள்ள வட்டக் கோடுதான் எல்லை. இந்த வட்டம் உள்படத்தின் சட்டகத்தை மூலைவிட்டத்தோடு முழுசாக அடக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகும் திரையின் மூலையில் சுவர் எட்டிப்பார்க்கும். நிமிர்ந்த சட்டகத்தில் மூலைவிட்டம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆக, இரண்டு மடங்கு முறையில் கிணற்றின் வாய் வெளிப்படத்தின் அகலத்தையே தாண்டிவிடும், சுவர் வரைய இடமே இருக்காது. நான்கு மடங்கில் பாதி அகலத்தில் அடங்கும், சுற்றிலும் செடி, கயிறு, வாளி எல்லாம் வரையலாம். சதுரச் சட்டகம் என்றால் இரண்டு மடங்கிலும் எழுபது சதவீத அகலத்தில் வட்டம் உட்கார்ந்துவிடும். என்னைக் கேட்டால் நிமிர்ந்த வீடியோவுக்கு நான்கு, சதுரத்துக்கு இரண்டு.

இப்படி விளிம்பில் ஒளிக்க முடியாத இடங்களில், மேகம், புல்வெளி மாதிரி, உள்படத்தின் ஓரத்தை மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் வசதி) போட்டு மெல்லக் கரைத்துவிட வேண்டும். கரையும் இடத்துக்கு அடியில் வெளிப்படத்தின் வண்ணம் இருந்தாக வேண்டும், ஆகவே வெளிப்படத்தை எல்லையோடு நிறுத்தாமல் கொஞ்சம் உள்ளேயும் தீட்டிவையுங்கள்.

அப்புறம் கோட்டின் தடிமன். நான்கு மடங்கு முறையில் திரையில் 6 பிக்சலாகத் தொடங்கும் கோடு, திரையை விட்டு வெளியேறும் நேரத்தில் 24 பிக்சல் தடிமனாகியிருக்கும். பக்கத்திலேயே உள்படத்தின் 6 பிக்சல் கோடு மெலிதாக நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். வெளிப்படத்தில் நடுவை நெருங்க நெருங்கக் கோட்டை மெலிதாக்கிக்கொண்டே வந்தால் இது மறையும். எல்லையில்லா கேன்வாஸில் ஜூம் செய்துகொண்டே வரைவதால் இந்த மாற்றம் பாதி தானாகவே நடந்துவிடுகிறது. அந்த வழிக்கு இது ஒரு பெரிய பலம்.

மென்பொருள்களுக்குள் என்ன வித்தியாசம் என்றால், சுருக்கி வைத்த நகலை எப்படி நடத்துகின்றன என்பதுதான். போட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக வைத்தால் அசல் பத்திரமாக இருக்கும், உள்ளே திருத்தினால் வெளியேயும் மாறும். கிரிட்டாவில் ஃபைல் லேயர் இதே வேலையைச் செய்யும், அதோடு கிரிட்டா இலவசம். புரோகிரியேட்டில் இந்த வசதி இல்லை, சுருக்கினால் சுருக்கியதுதான். ஆனால் இதற்காகப் புரோகிரியேட்டை ஒதுக்கத் தேவையில்லை. நடுவில் வைத்த நகல் வெறும் வழிகாட்டி, வீடியோவில் போவது அசல் கோப்புதான். உள்படத்தின் ஓரத்தைப் பின்னால் திருத்தினால் நகலையும் மாற்றிவைக்க மறக்காமல் இருந்தால் போதும். பிரஷ் சுகத்துக்காக அதில் வரைகிறவர்கள் தாராளமாகத் தொடரலாம்.

வீடியோவாகக் கோக்கும் வேலையில் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் எதிரெதிரே நிற்கின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு படத்தையும் அதன் வெளிப்படத்தோடு பேரண்ட் செய்து, அதாவது அதன் அசைவோடு பிணைத்து, வெளியே உள்ளதைப் பெரிதாக்கினால் எல்லாம் சேர்ந்து வளரும். இங்கே எல்லோரும் தடுக்கும் இடம் வேகம். 100 சதவீதத்திலிருந்து 1600க்கு எட்டு விநாடியில் சாதாரணக் கீஃபிரேம் (தொடக்க, முடிவு அளவுகளைக் குறிக்கும் புள்ளிகள்) போட்டால், முதல் விநாடியிலேயே படம் மூன்று மடங்கை நெருங்கிவிடும், கடைசி விநாடியில் சுமார் 13 சதவீதம்தான் வளரும். பாய்ந்து போய்ச் சட்டென்று சோர்ந்த மாதிரி தெரியும். கண்ணுக்குச் சீரான வேகம் வேண்டுமென்றால் சம நேரத்தில் சம மடங்கு வளர வேண்டும், இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பு என்பதுபோல். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீஃபிரேம் அசிஸ்டென்ட்டுக்குள் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல் என்று இதற்காகவே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கிளிக், வேலை முடிந்தது.

பிளெண்டர் இலவசம். படங்களைத் தளங்களாக அடுக்கி, ஆர்த்தோகிராஃபிக் கேமராவின் (தூரம் கூடினாலும் பொருள் சிறிதாகத் தெரியாத கேமரா) அளவைச் சுருக்கிக்கொண்டே போனால் ஜூம் கிடைக்கும். சீரான வேகத்துக்கு, ஒரு மதிப்பைச் சூத்திரத்தால் இயக்கும் டிரைவர் வசதியில் இரண்டின் அடுக்காக ஒரு வரி சூத்திரம் எழுத வேண்டும், பழகாதவருக்கு அது ஒரு மாலை வேலை. தளங்களை ஒரே ஆழத்தில் வைத்தால் ஒன்றோடொன்று மோதி மினுக்கும், சிறிது இடைவெளி விடுங்கள். நிறம் வெளுத்துத் தெரிந்தால் உங்கள் படத்தைக் குறை சொல்லாதீர்கள். கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, தளத்துக்கு எமிஷன் (விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் தன்மை) கொடுத்தால் வரைந்த நிறம் அப்படியே வரும்.

மூன்றாவதாகச் செயற்கை நுண்ணறிவையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூனில், எழுத்தில் கேட்டால் படம் உருவாக்கித் தரும் மிட்ஜர்னியின் 5.2 பதிப்பிலேயே ஜூம் அவுட் பொத்தான் வந்துவிட்டது. படத்தைச் சுற்றி அதுவே நிரப்பும். நிரப்புவது பெரும்பாலும் இருக்கும் காட்சியின் நீட்சிதான். காட்டைச் சுற்றி இன்னும் காடு. புள்ளி கிணறாகும் குறும்பு வேண்டுமென்றால் யோசனையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதுவரை வந்தவர் வரைந்துவிடவே செய்யலாம்.

கோட்டோவியக்காரர், கதை எங்கே போகும் என்று தெரியாமல் வரைவதில் சுகம் காண்கிறவர் என்றால் எல்லையில்லா கேன்வாஸ் போதும். வண்ணமும் தோலும் முக்கியம், முடிந்த வீடியோ கச்சிதமாக வேண்டும் என்பவருக்குப் படத்துக்குள் படம். சுற்றிச் சுற்றி வரும் லூப் வேண்டுமென்றால் கேள்வியே இல்லை, இரண்டாவதுதான். எல்லையில்லா கேன்வாஸ் ஒரு திசையில் ஆழமாகுமே தவிரத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது, கடைசியில் முதல் காட்சியின் நகலை ஒட்டி வீடியோவில் வெட்டித்தான் சமாளிக்க வேண்டும். அடுக்கிய படங்களில், வீடியோவில் கடைசியாக வரும் படத்தின் நடுவில் முதலில் வரும் படத்தையே வைத்துவிட்டால் போதும். இதற்கு மட்டும் முன்திட்டம் வேண்டும், முதல் இரண்டு படங்களின் நிறமும் வெளிச்சமும் கடைசிப் படத்தோடு சேர வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் ஒன்றாகவே இருக்கும், ஒன்றை வெட்டுங்கள், இல்லாவிட்டால் சுற்று முடியும் இடத்தில் ஒரு தயக்கம் தெரியும். பிட்ரேட்டையும் (வீடியோவின் ஒரு விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) தாராளமாக வையுங்கள். ஜூமில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாப் பிக்சலும் நகர்வதால், குறைந்த பிட்ரேட்டில் முதலில் சிதைவது நீங்கள் மெனக்கெட்டுத் தீட்டிய அந்தச் சொரசொரப்புதான்.