3 டன் ட்ராலி ஜாக்கி, 6 டன் ஸ்டாண்டு: ஆம்னி இன்ஜினைக் கீழே இறக்க இது போதுமா?

மாருதி 800 என்றால் பானெட்டைக் கழற்றி, செயின் புல்லி மாட்டி மேலே தூக்கிவிடலாம். அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் ஆம்னியிலும். ஆனால் அது முன் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது, மேலே கூரை. கீழே இறக்குவதுதான் வழி. 2019-ல் உற்பத்தி நின்றுபோனாலும் குன்னூர், கோத்தகிரி பக்கம் கேரட் மூட்டையும் ஸ்கூல் பிள்ளைகளுமாக ஆம்னிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தேய்ந்த பிஸ்டன் ரிங்கு, பேரிங் மாற்ற இன்ஜினைப் பிரிக்கும் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கோயம்புத்தூர் போய் முதலில் வாங்கிவருவது 3 டன் ட்ராலி ஜாக்கி, அதாவது சக்கரத்தில் உருளும் ஆயில் ஜாக்கி. கூடவே, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு. இந்த இரண்டும் இந்த ஒரு வேலைக்கு எப்படி என்பதை மட்டும் பார்ப்போம். (கிளட்ச் பிளேட் மட்டும் தேய்ந்திருந்தால் இன்ஜினைத் தொட வேண்டாம். கியர் பாக்ஸைத் தனியாக இறக்கினாலே போதும்.)

ஜாக்கியை வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தகடுத் தொட்டி) அடியிலிருந்து இன்ஜினின் மிக உயரமான பாகம் வரை எவ்வளவு? அதோடு இன்ஜின் உட்காரப்போகும் பலகை, ஜாக்கியின் தாழ்ந்த உயரம் இரண்டையும் கூட்டுங்கள். வண்டியின் அடி விளிம்பு அந்தக் கணக்குக்கு மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் தரைக்கு வந்துவிடும், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராது. பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 3 டன் ஸ்டாண்டு ஏறக்குறைய 28-லிருந்து 42 செ.மீ. வரைதான் நீளும், ஆம்னிக்கு அது பத்தாது. 6 டன் ஸ்டாண்டு 39-லிருந்து 60 செ.மீ. வரை வரும். ஆக, 6 டன் வாங்கச் சொல்வது பாரத்துக்காக இல்லை, உயரத்துக்காக. அதில் எழுதியிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஜோடிக்குத்தான் போடுகிறார்கள்.

ஸ்டாண்டுக்கு முழு மதிப்பெண். உயரத்தைப் பிடிக்கும் தடித்த பல், அகலமான கால், நழுவாமல் குறுக்கே பூட்டு ஊசி (pin) போட்டுக்கொள்ளும் வசதி. ஒரே குறை, நான்கு கால்களின் பாதமும் சின்னது. இன்டர்லாக் கல் பதித்த முற்றத்திலும் மழையில் ஊறிய மண்ணிலும் ஒரு கால் மெல்ல இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, 18 மி.மீ. பிளைவுட்டை ஒவ்வொன்றுக்கும் அடியில் போட்டால் சரியாகிவிடும். ஹாலோ பிளாக்கை அடுக்கி உயரம் கூட்டும் யோசனையே வேண்டாம். அது பார்க்கத்தான் கல், ஓரத்தில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் பொடிந்துவிடும்.

ஜாக்கி விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. ட்ராலி ஜாக்கியின் கை வட்டமாகத்தான் உயரும். உயர உயர அதன் தலை பின்னுக்கு வரும். அதை ஈடுகட்ட ஜாக்கி தன் சக்கரத்தில் முன்னே உருள வேண்டும். கேரேஜின் வழவழப்பான தரையில் உருளும். நம் ஊர் முற்றத்தின் சொரசொரப்புச் சிமெண்டில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரம் ஒரு சரளைக் கல்லைக்கூடத் தாண்டாது. அப்போது ஜாக்கி நகராது, வண்டியை இழுக்கும். எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே ஸ்டாண்டு நின்றால் அது சாயும். எட்டடி பிளைவுட் ஷீட் ஒன்றை ஜாக்கியின் பாதையில் விரித்துவிட்டுத் தூக்குங்கள்.

அடுத்தது சரிவு. மழைநீர் ஓட முற்றத்துக்கு 50-க்கு 1 வாட்டம் விட்டிருப்பார்கள். ஆம்னியின் இரு அச்சுக்கும் இடைத்தூரம் 1,840 மி.மீ.; அந்த வாட்டத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 3.7 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை வைத்துப் பார்த்து, ஸ்டாண்டின் பல்லில் சரிக்கட்டலாம். வாட்டம் அதற்கு மேல் இருந்தால் அந்த இடத்தில் இந்த வேலையே வேண்டாம். இன்னொன்று: கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நிமிடமே, கியரில் போட்டு வைத்திருப்பதற்கு அர்த்தம் போய்விடுகிறது. சக்கரம் தரையில் இருக்கும் வரை ஹேண்ட் பிரேக்கும் முட்டுக்கட்டையும் மட்டுமே காவல். கற்பூர மரத்துண்டை ஆப்பு மாதிரிச் செதுக்கி வைத்தால் நன்றாகப் பிடிக்கும். உருண்டைக் கல் வேண்டாம்.

தூக்கும்போது ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் 60 செ.மீ. கொண்டுபோகாதீர்கள். முன்னே 10 செ.மீ., பின்னே 10 செ.மீ. என்று மாற்றி மாற்றி ஏற்ற வேண்டும். பின்பக்கம் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டை லீஃப் ஸ்பிரிங் ஓரமாக அச்சுக் குழாய்க்கு அடியில் வையுங்கள். முன்பக்கம் சேசிஸில் வைக்கும் முன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பனிமூட்டத்தில் பத்து வருஷம் நின்ற வண்டியில் பெயிண்ட் நன்றாகத் தெரியும், உள்ளே தகடு தாள் மாதிரி இருக்கும். 'டொக்'கென்று மந்தமாகக் கேட்டால் இடம் மாற்றுங்கள். ஜாக்கி 48 செ.மீ.யோடு நின்றுவிடுவதால் தலைக்கு மேல் ஒரு கட்டை தேவைப்படும். கட்டையின் அடியில் ஜாக்கித் தலை உட்கார 2 செ.மீ. குழி வெட்டாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

நான்கு சக்கரமும் அந்தரத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பிராப்பெல்லர் ஷாஃப்டின் பின்பக்க நான்கு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கீழே திருப்பிக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டுக் கழற்றலாம். பிரிக்கும் முன் அந்த போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் (வட்டத் தட்டு) சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். மாறி மாட்டினால் அதிர்வு வரும். கியர் ஆயிலை வடிக்காமல் ஷாஃப்டை உருவினால் கியர் பாக்ஸின் வால் பக்கம் வழியாக ஆயில் முகத்தில் கொட்டும். வடித்த பிறகும் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிடுங்கள். அடுத்துக் கழற்ற வேண்டியவை: மேலிருந்து பேட்டரி நெகட்டிவ், பெட்ரோல் ஹோஸ், ஆக்சிலேட்டர் கேபிள், கப்ளர்கள். கீழிருந்து சைலன்சர் பைப், கியர் ராடு, கிளட்ச் கேபிள், செல்ஃப் மோட்டார் ஒயர். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, தானே அணையும் வரை ஓடவிட்ட பிறகே ஹோஸைத் தொடுங்கள். எல்லோரும் மறப்பது, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. இன்ஜின் ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள்.

இனி, இந்த ஜாக்கியின் பெரிய குறை. வால்வு. பிடியைத் திருப்பித்தான் இறக்க வேண்டும், ஆனால் பிடிக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இணைப்பில் லூஸ். கால் சுற்று வரை ஒன்றுமே நடக்காது. அதற்கப்புறம் ஒரு நூல் திருப்பினால் தலை சட்டென்று பத்து செ.மீ. விழும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அது சின்ன விஷயம் இல்லை. இணைப்பில் மெல்லிய தகரத்தைச் சுற்றி இறுக்கினால் பாதி சரியாகும். மீதிக்கு, நாலைந்து மணல் மூட்டை வைத்து இறக்கி இறக்கிக் கை பழக வேண்டும். ஜாக்கியின் சின்ன வட்டத் தலையில் இன்ஜின் நிற்காது. இரண்டடிப் பலகையில் நான்கு பக்கமும் கட்டை அடித்துத் தொட்டில் மாதிரி செய்து, அதில் உட்காரவைத்து பெல்ட்டால் கட்டுங்கள். பாரம் சம்ப்பில் விழக்கூடாது. தகடு உள்ளே அமுங்கினால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரியும்.

வேலை முடிந்த இன்ஜினைத் திரும்ப மேலே ஏற்றுவதில்தான் ஜாக்கிக்கு உண்மையான பரீட்சை. வேகமாக உயரும் இரட்டைப் பம்ப் மாடல் இங்கே எரிச்சலூட்டும். ஒரு மி.மீ. வேண்டும் என்றால் அரைக்கால் இழுப்பாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஒற்றைப் பம்ப் மாடலே மேல். தரையிலேயே இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துவிட்டு ஏற்றுங்கள். சேர்க்கும்போது கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த கியர் பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் தண்டு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் டேப் சுற்றிய மரக்குச்சி போதும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர் பாக்ஸின் அலுமினியக் கூட்டில் போல்ட் நுழையும் காது உடைந்துவிடும்.

ஊட்டிக் குளிரில் இன்னொரு தொல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் உள்ளே ஆயில் கெட்டிப்பட்டு, ஜாக்கி தூக்க மறுப்பது போலத் தோன்றும். பழுது இல்லை. வால்வைத் திறந்துவிட்டு வெறுமனே பதினைந்து தடவை அடித்தால் உள்ளே இருக்கும் காற்றும் போகும். ஆயில் குறைந்தால் 32-ம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிப்போகும். வைக்கும்போது முழுதாக இறக்கி வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ராம் (ஆயில் தள்ளும் இரும்புத் தண்டு) ஈரத்தில் துருப்பிடித்தால் அந்தத் துருவே சீலை அறுத்துவிடும்.

மாட்டி முடித்ததும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பார்த்துவிடுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், காற்று அடைபட்ட இடத்தில் கூலண்ட் சீக்கிரமே பொங்கும். புது ரிங்கு போட்ட இன்ஜின் முதல் ஏற்றத்திலேயே சூடாகும்.

வாங்கலாமா? ஸ்டாண்டு, யோசிக்காமல். ஜாக்கி, கடையிலேயே ஆளை ஏற்றி நிறுத்தி, மெதுவாக இறங்குகிறதா என்று பார்த்த பிறகு. 30 கிலோவுக்கு மேல் எடை. பார்சலில் மலையேறி வந்த பிறகு திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை.